பிள்ளையாருக்குப் பின்னால் வந்த புகை

அன்பான இஞ்சாருங்கோ,

முப்பத்து நான்கு வருடத்தில் உங்களை ஒருநாளும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது பெயர் போட்டு எழுதினால், வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். ஆகவே வழக்கம்போலவே கூப்பிடுகிறேன். நீங்கள் போய் ஒரு வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்குப் பத்திரிகையில் உங்கள் படம் போட்டு, கீழே நாலு வரி கவிதையும் போடவேண்டும் என்று மகள் சுகந்தி சொன்னாள். அந்த மாதிரிக் கவிதைகளைக் காலைத் தேநீரோடு எனக்கு உரக்க வாசித்துக் காட்டி நீங்கள் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். நாலு பேர் வாசித்தால் வாசிக்கட்டும். உங்களைப் பற்றிய ஒரு முறைப்பாடும் இதில் இருக்கிறது.

முதலில் ஊர்ப் புதினம். நீங்கள் போய்ச் சில மாதங்களில் நாட்டில் காஸும் போய்விட்டது. வெள்ளவத்தையில் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வீதியோரமாக அடுக்கிவிட்டு, சனம் குடையோடு பக்கத்தில் நின்றது. கரண்ட் நினைத்த நேரத்துக்குப் போனதால் கரண்ட் அடுப்பும் உதவவில்லை. மண்ணெண்ணெய்க்கு இன்னொரு வரிசை. நீங்கள் இருந்திருந்தால் அந்த வரிசை முழுக்க நடந்து, "காஸ் கசியுதோ எண்டு குழாய்க்குச் சோப்புத் தண்ணி பூசிப் பாத்தனீங்களோ?" என்று ஆள் ஆளாகக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்குப் பயந்தே பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

வாசிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். இவர் காப்புறுதிக் கம்பனி ஒன்றில், எரிந்த கடைகளையும் வீடுகளையும் போய்ப் பார்த்து, நெருப்பு எந்த மூலையில் தொடங்கியது என்று எழுதிக் கொடுக்கிற வேலை செய்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரரைப் பார்ப்பதற்கு முன்னால் திரைச்சீலையைப் பார்ப்பார். எங்கள் கலியாணத்திலேயே ஓமகுண்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கும்படி ஐயருக்குச் சொன்ன மாப்பிள்ளை. என் கூறைச் சேலைக்கும் நெருப்புக்கும் இடையில் எத்தனை அங்குலம் என்று பார்த்துக்கொண்டு இருந்ததில், என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

சரி, இனி உங்களோடு கதைக்கிறேன். உங்கள் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டைக் கடையில் எடுத்தோம். என்னால் அப்போது எழும்பி நிற்கவே முடியவில்லை. சோறு குழைந்திருந்தது, பருப்பு தண்ணீராக ஓடியது, வாழைக்காய்ப் பொரியலில் பழைய எண்ணெய் மணத்தது. அந்த இலையை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று நான் அழுததைப் பார்த்து எல்லோரும் உங்களை நினைத்து அழுகிறேன் என்றார்கள். உண்மையில் அந்தப் பருப்பைப் பார்த்துத்தான் அழுதேன். ஆட்டைத் திவசத்துக்கு நம் வீட்டில், என் கையால் சமைத்துத்தான் இலை போடுவேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

காஸ் இல்லை என்றால் விறகு. ரப்பர் விறகு கட்டுக்கட்டாக லொறியில் வரத் தொடங்கியிருந்தது. ஆனால் நாலாம் மாடியில் விறகடுப்பு வைக்கலாமா? தொடர்மாடிச் சங்கத்துக்கு இப்போது தவராசா அண்ணைதான் செயலாளர். நீங்கள் அந்தக் கதிரையில் இருந்தபோது எழுதிய சட்டத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். பல்கனியில் திறந்த நெருப்பு மூட்டக்கூடாது. வீட்டுக்குள் அடுப்பு என்றால் மூடிய அடுப்பாக இருக்கவேண்டும், புகை குழாயால் வெளியே போகவேண்டும், செயலாளர் முன்னிலையில் ஒரு மணித்தியாலம் எரித்துக் காட்டவேண்டும். எழுதியது நீங்கள், மாட்டிக்கொண்டது நான்.

"அக்கா, சட்டம் அண்ணை எழுதினது. நான் ஒண்டும் செய்யேலாது" என்றார் தவராசா அண்ணை. "பாஸ் எண்டால் சமையுங்கோ. இல்லையெண்டால் கடையில எடுக்கிறதுதான் வழி."

"கடையில எடுக்கிறதெண்டால் திவசமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. வீட்டுக்கு வந்து உங்கள் படத்துக்கு ஒரு மன்னிப்பும் கேட்டேன்.

பிறகு உங்கள் அலுமாரியைத் திறந்து, வேலைக்குக் கொண்டுபோகும் அந்தப் பச்சைக் கொப்பியை எடுத்தேன். எல்லாம் வடிவாக எழுதி வைத்திருந்தீர்கள். பலகை, துணி, கடதாசி எதுவானாலும் அடுப்பிலிருந்து மூன்று அடி தள்ளி. புகைக்குழாய்க்கும் பலகைக்கும் இடையே ஒன்றரை அடி. அடுப்புக்குக் கீழே சீமெந்து, அதுவும் அடுப்பின் வாய்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக, தணல் விழுந்தால் தாங்க. கல்லுச் சுவர் என்றால் ஒரு அடி போதும். உங்கள் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.

நம் குசினி எட்டடி அகலம். அதில் ஒரு பக்கம் முழுக்க பிளைவுட் அலுமாரி. நான் இரண்டு வருடம் நச்சரித்து நீங்கள் போட்டுத் தந்தது. அலுமாரியில் இருந்து மூன்று அடி அளந்தால் அடுப்பு யன்னல் திரைக்குப் பக்கத்தில் வந்தது. திரையைக் கழற்றினால் அரிசிப் பெட்டி வந்தது. அரிசிப் பெட்டியைத் தூக்கினால் மேலே கூடைகள் தொங்கின. ஒரு வீட்டில் இவ்வளவு எரியக்கூடிய சாமான்கள் இருக்கின்றன என்பது முப்பத்து நான்கு வருடமாக எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரே ஓர் இடம் பொருந்தியது: சாமியறைக்கும் குசினிக்கும் நடுவில் இருக்கிற, வெள்ளை டைல்ஸ் ஒட்டிய கல்லுச் சுவரின் பக்கம். சுவரிலிருந்து ஒரு அடி, அலுமாரியிலிருந்து மூன்று அடி, கணக்காக இருந்தது. நீங்கள் பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பீர்கள்.

அடுப்பைச் செய்து தந்தவர் கொட்டாஞ்சேனையில் இரும்பு வேலை செய்யும் அல்போன்ஸ். மாதா கோயில்களுக்கு மெழுகுதிரி வைக்கிற தாங்கிகளும் வீடுகளுக்கு வாசல் கேற்றும் செய்கிறவர். காஸ் போன பிறகு எல்லோரும் அடுப்புக் கேட்டு வருகிறார்கள் என்றார். உங்கள் கொப்பியைக் காட்டினேன். வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, நா இருவது அடுப்பு செஞ்சி குடுத்திட்டேன். ஒருத்தரும் இப்பிடி புஸ்தகத்தோட வரல்ல. சார் கிட்ட நா கதைக்கேலுமா?"

"சார் போய் பத்து மாசம்" என்றேன்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டு, கொப்பியை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். அதன் பிறகு ஒவ்வொரு அங்குலத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் வெட்டினார். கதவு வைத்த இரும்பு அடுப்பு, நாலு கால், பின்னால் குழாய். குழாய் வெளியே போவதற்கு யன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தகடு போடவேண்டும் என்றார். நானே காலி வீதிக் கடைக்குப் போய், "மல்லி, தஹடு தியெனவாத?" என்று, தகடு இருக்கிறதா தம்பி என்பதை அவன் பாஷையிலேயே கேட்டு வாங்கி வந்தேன். என் சிங்களத்தை நீங்கள் எவ்வளவு நக்கலடித்திருப்பீர்கள். தகடு கிடைத்ததா இல்லையா?

திவசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, பரீட்சை நடந்தது. தவராசா அண்ணை ஒரு வாளி மணலோடும் மேசை மணிக்கூட்டோடும் வந்தார். சுகந்தி வத்தளையிலிருந்து விடியவே பஸ் ஏறி வந்திருந்தாள். அல்போன்ஸ் தன் அடுப்பை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றார். பக்கத்து வீட்டு ராணி அக்கா, உங்களுக்குத்தான் தெரியுமே, யாரும் கூப்பிடாமலே வந்து, "அடுப்பு நல்லா எரிய வேணும்" என்று சாமியறைக்குள் கற்பூரம் கொளுத்தப் போய்விட்டா.

அடுப்பு நல்லாகத்தான் எரிந்தது. கடற்காற்று புகையை ஒருதரம் திருப்பி உள்ளே தள்ளியது. அல்போன்ஸ் குழாய்க்குத் தொப்பி ஒன்று போட்டதும் அதுவும் சரியாகிவிட்டது. அரை மணித்தியாலத்தில் தண்ணீர் கொதிக்க, தேநீர் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தேன். தவராசா அண்ணை இரண்டாம் கோப்பையும் கேட்டார். "அண்ணை இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்" என்று கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்னும் பதினைந்து நிமிடம்தான்.

அப்போதுதான் சாமியறையில் இருந்து ராணி அக்கா கத்தினா.

"அண்ணை வந்திட்டார்! ஓடிவாங்கோ, அண்ணை வந்திட்டார்!"

ஓடிப் போய்ப் பார்த்தோம். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்து மெல்லிய நூல் மாதிரிப் புகை மேலே போய்க்கொண்டிருந்தது. கற்பூரம் எப்போதோ அணைந்திருந்தது. சாம்பிராணியும் இல்லை. ராணி அக்கா தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டு, "திவசம் வருதெல்லோ, அதுதான் முன்னுக்கே வந்திட்டார்" என்று அழுதா. சுகந்தியின் கை போனை எடுத்தது, பிறகு போனை வைத்துவிட்டுக் கும்பிட்டது. தவராசா அண்ணை கூடச் செருப்பைக் கழற்றினார்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் நம்பினேன். வேறு யாராவது என்றால் கனவில் வருவார்கள், காகமாய் வருவார்கள். நீங்கள் வருவதென்றால் புகையாகத்தானே வருவீர்கள்? "வந்திட்டீங்களோ?" என்று வாய்விட்டே கேட்டேன். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்படியே வந்துவிட்டது. அந்த இரண்டு நிமிடமும் நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள், அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

அல்போன்ஸ் மட்டும் கும்பிடவில்லை. குசினிக்குள் திரும்பி ஓடி, டைல்ஸில் கையை வைத்து, "ஆ!" என்று இழுத்தார். பிறகு விரல் மடக்கித் தட்டினார். டொக் டொக் என்று கேட்டது.

"அக்கா, இது கல்லு இல்லக்கா. உள்ளுக்கு பலகை. பலகைதான் எரியுது!"

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குப் பிடித்திருக்கும். அல்போன்ஸ் அடுப்புக்குள் இருந்த விறகை இடுக்கியால் இழுத்து மணல் வாளிக்குள் அமுக்கினார். சுகந்தி பிள்ளையாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்கனிக்கு ஓடினாள். நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். தவராசா அண்ணை மேசை மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களுக்குக் கட்டளை போட்டார். கண் திறந்து பார்த்த ராணி அக்கா, "அண்ணை போயிட்டாரோ?" என்று கேட்டா.

இப்போது முறைப்பாட்டுக்கு வருகிறேன். தங்கச்சி மகளின் கலியாணத்துக்கு நான் யாழ்ப்பாணம் போய் இரண்டு கிழமை நின்று திரும்பி வந்தபோது, பெரிய குசினியின் நடுவில் ஒரு சுவர் முளைத்திருந்தது. இந்தப் பக்கம் வெள்ளை டைல்ஸ், அந்தப் பக்கம் நான் பல வருடம் கேட்ட சாமியறை. "கல்லுச் சுவரோ?" என்று கேட்டு நான் தட்டப் போனேன். கையைப் பிடித்தீர்கள். "இஞ்சாரும், புதுச் சுவர், ஈரம் காயேல்லை. நீர் ஏன் தட்டுறீர்? கல்லுத்தான், பின்னை என்ன?" என்றீர்கள். பதினொரு வருடம் அந்த ஈரம் காயவில்லையா? படம் மாட்ட ஆணி அடிக்கும் வேலையை ஒருவருக்கும் விடாமல் நீங்களே செய்தீர்கள். இரண்டு தட்டில் ஆணி இறங்கியபோது "நல்ல சீமெந்து" என்றீர்கள். நானும் ஓம் என்றேன்.

தவராசா அண்ணையைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"அக்கா... அண்ணை கல்லுச் சுவருக்குத்தான் கேட்டவர். நாலாம் மாடி, பாரம் தாங்காது எண்டு சங்கம் மறுத்திட்டுது. நீங்கள் திரும்பி வாறதுக்கிடையில எப்பிடியும் சாமியறை கட்டவேணும் எண்டு நிண்டார். ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டவர். நான் பலகையை மறந்தே போனன்."

ஆக, உங்கள் கொப்பியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியதால்தான் வீடு எரியப் பார்த்தது. கொப்பியில் பிழை இல்லை, உங்கள் வாயில்தான் பிழை. ஊரெல்லாம் போய், டைல்ஸ் ஒட்டினால் பலகை கல்லாகிவிடாது, சூடு டைல்ஸைத் தாண்டி உள்ளே போகும் என்று சொல்லித் திரிந்த மனிசன், சொந்தப் பெண்சாதிக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில், திவசமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கதிரையில் இருந்துவிட்டேன். தவராசா அண்ணையும் "இனிக் கஷ்டம் அக்கா" என்று மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

கருகிய பலகையை அப்படியே விட முடியாது என்று அல்போன்ஸ் டைல்ஸை உடைக்கத் தொடங்கினார். பாதி உடைத்ததும் கையை நிறுத்திவிட்டார்.

"அக்கா, எழுத்து இருக்கு."

கரிக்கு மேலே, கருகாத இடத்தில், பென்சிலால் நீங்கள் போட்ட அளவுகள் இருந்தன. ஆறடி மூன்று அங்குலம், நாலடி. அதற்குக் கீழே உங்கள் சாய்ந்த எழுத்து: "பலகை. கல் இல்லை. புவனாவுக்குச் சொல்ல வேணும்." சொல்ல வேணும் என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

என் பெயரைப் போட்டு எழுதிவிட்டு அதற்கு மேலேயே டைல்ஸ் ஒட்டியிருக்கிறீர்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சுகந்தியும் நானும் குசினித் தரையில் உடைந்த டைல்ஸுக்கு நடுவில் இருந்தோம். ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் ஒரு கிழமை உங்களோடு கதைக்காமல் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு என்ன செய்திருப்பேன் என்று நினைத்தீர்கள்?

எழும்பி, வாசலில் நின்ற தவராசா அண்ணையைக் கூப்பிட்டேன். "இன்னொருக்காப் பரீட்சை வையுங்கோ" என்றேன். அவர் அந்த எழுத்தை வாசித்தார், மூக்கை உறிஞ்சினார், அடுத்த புதன்கிழமை என்றார். கருகிய பலகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சீமெந்துத் தகடு போட்டோம். அதற்கு முன்னால் ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, பீங்கான் குமிழ்களில் தகரம் ஒன்றைப் பொருத்தி, காற்றுப் போகக் கீழும் மேலும் திறந்து வைத்தார் அல்போன்ஸ். இனி எந்தச் சுவரையும் நம்புவதில்லை என்று அடுப்பையும் எல்லாப் பக்கமும் மூன்று அடி தள்ளினேன். அலுமாரியில் பாதியைக் கழற்றவேண்டி வந்தது. இப்போது அடுப்பு குசினியின் நட்டநடுவில் இருக்கிறது. தேங்காய் எடுக்கவும் அதைச் சுற்றித்தான் போகவேண்டும். ராணி அக்கா வந்தால் மூன்று தரம் சுற்றுகிறா.

புதன்கிழமை தவராசா அண்ணை ஒரு மணித்தியாலமும் சாமியறையில் நின்று, பிள்ளையாருக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டே இருந்தார். "குளிராத்தான் இருக்கு" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அறிவித்தார். முடிவில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

திவசத்தன்று விடியவே அடுப்பை மூட்டினேன். சோறு பூப்போல வந்தது. பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய், முருங்கையிலை, வடை, பாயசம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அடுப்பில். கண் எரிந்தது, சேலை புகை மணத்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கடைசியாக உங்கள் கத்தரிக்காய்ப் பால்கறி. படைக்கும் வரையில் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது என்பதால் உப்பைக் கைக்கணக்கில் போட்டேன். பிறகு கை நின்றுவிட்டது. "சொல்ல வேணும்" என்று நீங்கள் போட்ட அந்த இரண்டு கோடும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

இஞ்சாருங்கோ, நானும் ஒன்று சொல்ல வேணும். எந்த வீட்டில் சாப்பிட்டாலும் "கறிக்குச் சீனி போட்டிருக்கினம்" என்று முகத்தைச் சுளிப்பீர்கள். "என்ர மனிசியின்ர பால்கறியில ஒரு பொட்டுச் சீனி இராது" என்று என் அக்கா தங்கச்சிமாருக்கு முன்னாலேயே நெஞ்சை நிமிர்த்துவீர்கள். கலியாணம் கட்டிய முதல் மாதத்தில் இருந்து அதற்கு நான் சீனி போட்டுத்தான் இறக்கினேன். முப்பத்து நான்கு வருடமும் ஒவ்வொரு தரமும் ஒரு சிட்டிகை. சொல்லவேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். நீங்கள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடும்போது எப்படிச் சொல்வது?

அன்றும் போட்டேன். இலையை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன். சுகந்தி வாயைப் பொத்தினாள். உங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் உங்களுக்குத் தெரியுமா, இவ்வளவு காலமும்?

இனி உங்களிடம் ஒன்றையும் மறைக்கமாட்டேன். இது சத்தியம். சீனியையும் நிறுத்தமாட்டேன்.

உங்கட மனிசி,
புவனேஸ்வரி
வெள்ளவத்தை